சோதனை முடியட்டும்

நாகேஸ்வரியின் ஆங்கிலம் போதாது என்று மெல்பேர்னில் ஓர் அலுவலகம் முடிவு செய்தபோது, அவள் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினான்கு வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வந்திருந்தாள். முடிவைச் சொன்ன மனிதர் கெட்டவர் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு, தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார். உங்கள் ஆங்கிலம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் உச்சரிப்பு விளங்காதே என்றார். அவர் பேசியதில் பாதி மூக்கால் வந்தது. நாகேஸ்வரி இரண்டு தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டாள். ஆனால் யாருடைய உச்சரிப்பு விளங்கவில்லை என்று தீர்மானிக்கிற இடத்தில் இருந்தவர் அவர்தான்.

அது எழுபத்து நான்காம் ஆண்டு. வெள்ளைக்காரர் அல்லாதவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டோம் என்று அந்த நாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வந்தவர்கள் எங்கே இருப்பது என்பதைப் பற்றி ஒருவரும் யோசித்திருக்கவில்லை. கணவர் வரதராஜாவுக்கு ஒரு கட்டடக் கம்பனியில் வரைபடம் கீறுகிற வேலை கிடைத்தது. நாகேஸ்வரிக்குக் கிடைத்தது பிரன்ஸ்விக்கில் ஒரு கம்பளிச் சட்டை ஆலை. காலை முதல் மாலை வரை சட்டைக்குக் கழுத்துப் பட்டி பொருத்த வேண்டும். இந்தப் பக்கம் ஒரு கிரேக்கப் பெண், அந்தப் பக்கம் ஒரு துருக்கிப் பெண். மூன்று பேரும் கையால் பேசிக்கொண்டார்கள், உச்சரிப்புப் பிரச்சினை வரவில்லை.

பிரச்சினை ஊரிலிருந்து வந்தது. நாகேஸ்வரியின் ஐயா இளைப்பாறிய தபாலதிபர். மகளை ஆசிரியை ஆக்கியதைத் தன் வாழ்நாளின் ஒரே வெற்றியாக நினைத்துக்கொண்டிருந்தவர். வருகிற கடிதம் எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான். எந்தப் பள்ளிக்கூடம்? எத்தனையாம் வகுப்பு? பிள்ளைகள் சொல் கேட்கிறார்களா? முதல் இரண்டு கடிதத்துக்கும் பதிலில் அந்தக் கேள்வியைத் தாண்டி எழுதினாள். மூன்றாவதுக்குப் பொறுக்க முடியவில்லை. நல்ல பள்ளிக்கூடம், பிள்ளைகள் கொஞ்சம் குழப்படி என்று எழுதிவிட்டாள். உண்மையாகவே ஒரு பள்ளிக்கூடம் கிடைக்கும், கிடைத்த பிறகு எல்லாவற்றையும் ஐயாவிடம் சொல்லி, இரண்டு பேரும் சிரிக்கலாம் என்பது அவள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் அவள் கழுத்துப் பட்டி பொருத்தினாள்.

ஜப்பானிய மொழி படிக்கிற யோசனையும் அதிலிருந்து வந்ததுதான். ஆஸ்திரேலியாவின் நிலக்கரியையும் இரும்பையும் ஆட்டு மயிரையும் ஜப்பான் அள்ளிக்கொண்டு போன காலம். பள்ளிக்கூடங்களில் ஜப்பானியம் வைத்துவிட்டார்கள், படிப்பிக்க ஆள் இல்லை. அந்த மொழியில் என் உச்சரிப்பைக் குறை சொல்ல இங்கே யாருக்குத் தகுதி இருக்கிறது என்று நாகேஸ்வரி நினைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், ஏதாவது படிக்கத் தொடங்கிவிடுவாள்.

"நாப்பது வயசிலை ஆனா ஆவன்னாவோ?" என்று வரதராஜா சிரித்தார்.

"ஓம். எனக்குத் தெரிஞ்ச ஆனா ஆவன்னா ஒருத்தருக்கும் வேண்டாமாம்" என்றாள்.

மாலை வகுப்பு. ஆலையிலிருந்து நேராக டிராம் பிடித்துப் போவாள், தலைமயிரில் கம்பளித் தூசி ஒட்டியபடி. படிப்பித்தவர் பூமிக்கோ என்ற ஜப்பானியப் பெண்மணி. உலகச் சண்டை முடிந்து சில வருடத்தில் ஒரு ஆஸ்திரேலியச் சிப்பாயைக் கட்டி வந்தவர். இங்கே எல்லாரும் அவரை மிசிஸ் பார்க்கர் என்று அழைத்தார்கள். வகுப்பில் இருந்தவர்கள் வியாபாரக் கம்பனிக்காரரும் சில ஆசிரியர்களும். எல்லாரும் வெள்ளைக்காரர், எல்லாரும் முதல் ஆறு மாதம் நாகேஸ்வரியை விடக் கெட்டிக்காரர்கள். எழுத்து அவளுக்கு ஏறவில்லை. கோடுகளைப் பார்த்துப் பார்த்துத் தலையிடிதான் வந்தது.

பிறகு ஒருநாள் மிசிஸ் பார்க்கர், ஒரு காரியத்துக்கு முன், ஒரு காரியத்துக்குப் பின், ஒரு காரியம் நடக்கும்போது என்று காலத்தைச் சொல்கிற பாடத்தை எடுத்தார். வகுப்பே கலங்கியது. 'போன வருடம் வருவதற்கு முன் வீட்டை விற்றேன்' என்று பலகையில் எழுதியிருந்தார். கம்பளி வியாபாரி ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். வந்தது போன வருடம், அது முடிந்துபோன காரியம், அதை ஏன் இன்னும் நடக்காத மாதிரிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

"அந்த வீட்டை விற்ற நாளில் நீங்கள் வந்திருக்கவில்லையே" என்றார் மிசிஸ் பார்க்கர் அமைதியாக. "முன் என்று சொன்னால் அது அப்போது இன்னும் நடக்கவில்லை. பின் என்று சொன்னால் அது நடந்து முடிந்துவிட்டது. எந்த நாளில் நின்று பார்க்கிறீர்கள் என்பதுதான் விஷயம். இன்றைக்கு நின்று பார்க்காதீர்கள்."

நாகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வருமுன், வந்தபின். தமிழில் வந்தமுன் என்று எந்தக் குழந்தையாவது சொல்லுமா? வீட்டுக்குப் போகும்போது பழம் வாங்கினேன் என்றால் வழியில் வாங்கியது, போனபோது வாங்கினேன் என்றால் போய்ச் சேர்ந்து வாங்கியது. இதற்கா இத்தனை பேர் மண்டையை உடைக்கிறார்கள்? வெளியே போகிறவர்கள் சொல்கிற 'இத்தேகிமஸ்' கூட, போய்விட்டு வருகிறேன் என்கிற நம்முடைய 'போட்டு வாறன்' தான், ஒரு எழுத்துக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு டிராமில் திரும்பும்போது, இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல்தடவையாக, தன் தலைக்குள் இருந்த ஏதோ ஒன்று இங்கே செல்லுபடியாகிறது என்று அவளுக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் ஒரு தரிப்பிடம் தள்ளிப் போய் இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் வருடக் கடைசியில் வாய்மொழிச் சோதனை. அதில் தேறினால் ஜப்பானியம் படிப்பிக்கலாம் என்று அதே அலுவலகம் எழுத்தில் கொடுத்தது. சோதனை ஒரு திங்கட்கிழமை.

அதற்கு முன் வந்த வியாழக்கிழமை பின்னேரம் ஐயா முற்றத்தில் விழுந்து இறந்துபோனார்.

இனிச் சொல்வதெல்லாம் நாகேஸ்வரி பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. அவர்களுடைய வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. மெல்பேர்னில் இருந்த ஊர்க்காரர் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது டொக்டர் தேவராஜா வீட்டுத் தொலைபேசிதான். வெள்ளிக்கிழமை காலை ஊரிலிருந்து கோல் அங்கே வந்தது. டொக்டரின் மனைவி இராஜேஸ்வரி உடனே வரதராஜா வேலை செய்த கந்தோருக்கு அடித்துச் சொன்னாள். வரதராஜா சொன்னாராம், சோதனை முடியட்டும் என்று. எங்கள் சனத்துக்கு இது புதிது இல்லை. பிள்ளைக்குச் சோதனை என்றால், பெண்ணுக்குக் கலியாணம் என்றால், செத்தவரைக் கூடக் காத்திருக்க வைப்போம். அன்பினால்தான் செய்வோம். யாரிடமும் அனுமதி கேட்க மாட்டோம். பின்னேரத்துக்குள் மெல்பேர்னில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிட்டது, செத்தவரின் மகளைத் தவிர.

சனிக்கிழமை இராஜேஸ்வரியின் மகளுக்குப் பிறந்தநாள். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று வரதராஜா கூட்டிக்கொண்டு போனார். சிவப்புக் காஞ்சிபுரம் கட்டி, பூ வைத்துப் போனாள் நாகேஸ்வரி. என்றைக்கும் இல்லாதபடி எல்லாரும் அவளிடம் அன்பாக இருந்தார்கள். ஆலைக்காரி என்று ஒதுங்குகிற பெண்கள் கூடப் பக்கத்தில் வந்து இருந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். இராஜேஸ்வரி கேக்கில் பெரிய துண்டு வெட்டிக் கொடுத்தாள். நான் ஆசிரியை ஆகப்போகிறேன் என்று இப்போதே மரியாதை வந்துவிட்டது என்று நாகேஸ்வரி நினைத்தாள். அந்த மரியாதையை மனதுக்குள் உருட்டி உருட்டி அனுபவித்தாள். வரும் வழியில் காரில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். வரதராஜா ரோட்டைப் பார்த்தபடியே காரை ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்தாள். "எனக்கு வயிறு சரியில்லை" என்று வரதராஜா சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டார். அவருடைய துண்டையும் சேர்த்து அவளே சாப்பிட்டாள்.

திங்கள் காலை, "போட்டு வாறன்" என்றாள். "போட்டு வாரும். ஒண்டையும் யோசியாதையும்" என்றார் அவர். டிராம் தரிப்பு மட்டும் கூட வந்தார். அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

சோதனை அறையில் ஒரு ஜப்பானியரும் இரண்டு ஆஸ்திரேலியரும் இருந்தார்கள். கொஞ்சம் கதைத்த பிறகு ஜப்பானியர், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது என்ன கொண்டு போவீர்கள் என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. போகும்போது, போவதற்கு முன், போன பிறகு என்று அவள் எடுத்துப் பேசட்டும் என்று கேட்டது. நாகேஸ்வரி விடுவாளா? போவதற்கு முன் என் தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதுவேன் என்றாள். நான் ஆசிரியை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் நான் ஆலையில் வேலை செய்கிறேன். உண்மையாகவே ஆசிரியை ஆன பிறகு இதைச் சொல்லலாம் என்று காத்திருக்கிறேன். ஊருக்குப் போன பிறகு அவர் என்னைத் திட்டுவார், திட்டி முடித்த பிறகு சிரிப்பார். ஜப்பானியர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். தகப்பனாரிடம் எங்களுடைய வணக்கத்தையும் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றாள்.

தேறிவிட்டது அவளுக்கு அங்கேயே தெரிந்தது. வீட்டுக்குப் போகும்போது விலையைப் பார்க்காமல் ஒரு பை மாம்பழம் வாங்கினாள். மாடிப் படி ஏறி வந்தால் வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துகள், ஆண் சப்பாத்தும் பெண் சப்பாத்துமாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு, "என்ன, ரிசல்ட் வர முன்னமே பார்ட்டியோ?" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இராஜேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். வரதராஜா எழும்பி வந்தார்.

"நாகேஸ், உம்மடை ஐயா மோசம் போட்டார்."

"எப்ப?"

"வியாழக்கிழமை பின்னேரம். மற்ற நாளே எல்லாம் முடிஞ்சுது."

மாம்பழப் பை அவள் கையில் அப்படியே இருந்தது. யாரோ வாங்கி மேசையில் வைத்தார்கள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

வரதராஜா பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் கோல் வந்தது என்று சொன்னால் அங்கே இருந்த எல்லாரும் ஓம் என்றிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை" என்றார்.

அன்றைக்கு அவள் அழுதது ஐயாவுக்காக என்று வந்தவர்கள் நினைத்தார்கள். ஐயாவுக்காகத்தான், ஆனால் கண்ணீரோடு கூடவே அவளுடைய மண்டை வேறு வேலை பார்த்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் அந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து, நின்று பார்த்தது. நான் பூ வைத்துக்கொண்டபோது ஐயா எரிந்து முடிந்திருந்தார். நான் மீன் தின்றபோது எனக்கு மீன் தொடக்கூடாத சாவுத் துடக்கு, அது எனக்குத் தெரியாது, எதிரே இருந்து பருப்பைப் பிசைந்தவருக்குத் தெரியும். என் கையைப் பிடித்தவளுக்குத் தெரியும். கேக் வெட்டியவளுக்குத் தெரியும். அது மரியாதை இல்லை, இரக்கம். சொல்வேன், எழுதுவேன், திட்டுவார், சிரிப்பார் என்று அந்த அறையில் நான் அடுக்கியபோது சொல்ல ஆள் இல்லை, திட்ட ஆள் இல்லை. நல்ல புள்ளி போட்டார்கள் அதற்கு.

எல்லாரும் போன பிறகு வரதராஜா சொன்னார், "தெரிஞ்சிருந்தா மட்டும் நீர் என்ன செய்திருப்பீர்? போய்ச் சேர்ந்திருக்கவே ஏலாது. சோதனைதான் கெட்டிருக்கும்."

"அழுதிருப்பன்" என்றாள் நாகேஸ்வரி.

"இப்ப அழுகிறீர்தானே."

"எல்லாரும் அழுது முடிச்ச பிறகு அழுகிறன்."

அவருக்கு அது விளங்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை என்றுதான் இவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் செய்தது சரி, உம்மடை நன்மைக்குத்தான் செய்தேன் என்றே நின்றார். நாகேஸ்வரி அவரிடம் எதிர்பார்த்தது ஒரு சொல்தான். பிழை விட்டுட்டன் என்ற சொல். அதைச் சொன்னால் மன்னித்துவிட அவள் தயாராக இருந்தாள். அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு ஒரே வீட்டில் நடந்தார்கள்.

வேலை கிடைத்தது. நகரத்துக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடம். நல்ல பள்ளிக்கூடம், பிள்ளைகள் கொஞ்சம் குழப்படி. அவள் முன்னே எழுதிய பொய் ஒரு சொல் பிசகாமல் உண்மையானபோது அதை எழுதி அனுப்ப விலாசம் இல்லை. முன், பின், போது என்கிற பாடம் வந்தால் கடையில் பாண் வாங்கியதையும் பஸ் ஏறியதையும் பற்றியே உதாரணம் சொல்வாள். நீங்கள் அந்த நாளில் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்ல வருகிற இடத்தில் மட்டும் பலகைப் பக்கம் திரும்பிச் சோக்கட்டியைத் தேடுவாள்.

இராஜேஸ்வரி வீட்டுக்கு அவள் பிறகு போகவே இல்லை. தன் வீட்டில் எப்போதாவது சாவுச் செய்தி வந்தால் வந்த நிமிடமே சொல்லிவிடுவேன், சாப்பாட்டுக்கு இருந்தாலும் எழுப்பிச் சொல்வேன் என்று கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வரதராஜாவின் காதிலும் விழட்டும் என்றே சொன்னாள்.

எழுபத்தெட்டில் வாடகை மாடியை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போய்த் தொலைபேசியும் எடுத்தார்கள். ஒரு குளிர்நாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாவியைக் கதவிலிருந்து எடுக்கும் முன்னே மணி அடித்தது. கொழும்பு. வரதராஜாவின் தாயார் விடியக்காலை போய்விட்டார்.

அவளுக்கு அவருடைய கந்தோர் நம்பர் மனப்பாடம். தொலைபேசியில் கையை வைத்தாள். இப்போது அடித்தால் யாரோ கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அந்த நீளமான அறையில் எல்லாருக்கும் நடுவில், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்று கேட்பார். பிறகு தனியாக, மழையில், ரெயிலில் அத்தனை தூரம் வர வேண்டும். வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் தான் நினைத்தது என்ன என்று தெரிந்தது. கையை எடுத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். மாவை எடுத்துப் பிட்டுக் குழைத்தாள். முதல்நாள் அவர் ஆசையாக வாங்கிவந்த மீன் பிரிஜ்ஜில் இருந்தது. அதைத் தொடாமல் கத்தரிக்காய் வெட்டினாள். ரெயில் தாமதம். ஜன்னல் இருண்டு வரும்வரை அவள் குசினியிலேயே நின்றாள்.

வரதராஜா நனைந்து வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை, பசி என்றார். சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லியிருக்கலாம். தலை துவட்டத் துவாயைக் கொடுத்தாள். கை கழுவும்போது சொல்லியிருக்கலாம். சாப்பாட்டுக் கோப்பையை வைத்தாள். அம்மா புது வீட்டுப் படம் கேட்டிருக்கிறா, ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் எடுத்து அனுப்ப வேணும் என்று சொல்லிக்கொண்டே அவர் பிட்டைப் பிசைந்தார். ஓம் என்றாள்.

"நேத்து வாங்கின மீன் எங்கை?"

"நாளைக்குச் சமைப்பம்."

"ஏன், நல்ல மீனல்லோ."

அவள் இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் அள்ளி வைத்தாள். அவருடைய கை கோப்பையில் நின்றுவிட்டது. மரக்கறியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வயிறு சரியில்லை என்று ஒருநாள் பருப்பைப் பிசைந்தவர் அல்லவா, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆர், நாகேஸ்?"

"மாமி."

அவள் கேட்ட அதே கேள்வியை அவரும் கேட்டார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"இப்பத்தான்" என்றாள் நாகேஸ்வரி. "நீங்கள் வர முன்னம்தான் கோல் வந்தது. சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு நிண்டனான்."

அவர் நம்பினார். பிட்டு ஒட்டிய கையோடு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வயதுப் பிள்ளை அழுவது போல அழுதார். அழுகைக்கு நடுவில், திக்கித் திக்கி, இரண்டு வருடமாக அவள் காத்திருந்த சொல்லைச் சொன்னார்.

"நீர் உடனை சொல்லிப்போட்டீர். எனக்கு அண்டைக்கு அந்த மனம் வரேல்லை. பிழை விட்டுட்டன் நாகேஸ், பெரிய பிழை விட்டுட்டன்."

நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, மற்றக் கையால் செம்பை எடுத்து, அவர் கை கழுவத் தண்ணீர் வார்த்தாள்.